‘ங்க’ இல்லாமல்

“வாயத் தொற.”

சுஃப்யான் திறந்தான்.

“நாக்கத் தூக்கு. அந்தக் கன்னம். இந்தக் கன்னம்.”

முத்தாத்தாள் சின்ன டார்ச்சை அடித்து அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். சந்து பொந்தெல்லாம் தேடினாள். கடைவாயில் ஒரு மாத்திரை ஒளிந்திருந்தால் அதன் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

“அந்தியூர்ச் சந்தையில குதிரைக்குப் பல்லப் புடிச்சுப் பாப்பாங்களாமே, அது மாதிரியே பாக்கறீங்க சிஸ்டர். உங்க ஊருப் பழக்கம் போகல. என்ன வெலைக்குப் போவேன்?”

“உன்னைய ஓசிக்குக் குடுத்தாலும் ஓட்டீட்டுப் போக ஆளில்ல. இன்னொரு மடக்குத் தண்ணி குடி.”

அவன் குடித்தான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் நகர்ந்தாள்.

அடுத்த கட்டில் கிருபாசங்கருடையது. இங்கே வந்ததும் அவள் குரல் சட்டை மாற்றிக்கொண்டது.

“ஏனுங்க, நல்லாத் தூங்குனீங்களா? மாத்திரை இந்தாங்க. தண்ணி சூடா இருக்குதுங்க, பாத்துக் குடிங்க.”

மாத்திரைகளை அவன் உள்ளங்கையில் வைத்தாள். டார்ச் பைக்குள் போய்விட்டது. அவன் விழுங்கினானா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் எதிர்க் கட்டில் அரங்கசாமியிடம் போனாள். அவர் ஓய்வு பெற்ற தாசில்தார். அவருக்கும் ‘ங்க’தான். வார்டில் எல்லோருக்கும் ‘ங்க’தான். சுஃப்யான் ஒருவனுக்கு மட்டும் இல்லை.

அது கிருபாசங்கருக்கு உறுத்த ஆரம்பித்தது.

மனைவி நித்யஸ்ரீ போன பிறகு அவனுக்கு எதுவும் உறுத்தியதில்லை. பசி உறுத்தவில்லை. இருமல் உறுத்தவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டான், பிறகு இன்னொன்று போட்டான், ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர் வேலை. ஒரு நாள் மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் இருமினான். சிவப்பாகத் தெறித்தது. பக்கத்து மேசை அபிலாஷ்தான் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தான்.

டி.பி. என்றார் டாக்டர் நரசிம்மலு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் முழுக்கக் குணமாகிவிடும், வீட்டிலிருந்தே போடலாம் என்றார். வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றான். அப்படியென்றால் கொஞ்ச நாள் இங்கேயே இருங்கள் என்று வார்டில் போட்டுவிட்டார்.

வார்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மலையைப் பார்த்தபடி தனிக் கட்டடம். சன்னல்களைச் சாத்தக் கூடாது என்பது சட்டம். மார்கழிக் காற்று ஒரு பக்கம் நுழைந்து எல்லோரையும் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபக்கம் போனது. ஆளுக்கொரு மூடி போட்ட சளிக் கிண்ணம். முதல் நாள் முத்தாத்தாள் அவனிடம் சொன்னாள்:

“மாத்திரை போட்டா ஒண்ணுக்குச் செவப்பாப் போகுமுங்க. பயந்துக்காதீங்க. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சுக்குங்க.”

மகள் அக்ஷயா கொடுமுடியில் சித்தி வீட்டில் இருந்தாள். நாலு வயது. அவளுக்கும் சோதனை செய்தார்கள். ஒன்றுமில்லை, தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தார்கள். சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டால் அவன் வீட்டுக்குப் போகலாம், குழந்தையும் கூட இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனில் மைத்துனியும் அதையேதான் சொல்வாள்.

“நெகட்டிவ்னு வந்த அன்னைக்கே கூட்டியாந்து உட்டர்றனுங்க மாமா. தெனமும் பையை மாட்டீட்டு வாசல்ல நிக்கறா.”

குழந்தை போனைப் பிடுங்கி, “எப்ப வாரீங்க?” என்பாள். நித்யஸ்ரீ பழக்கியது. பேச்சு வந்த நாளிலிருந்து ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்பாள்.

நித்யஸ்ரீயும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து ‘ஏனுங்க’. சண்டை போட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் போடுவாள். “உங்குளுக்கு அறிவிருக்குதுங்களா?” அவன் சிரித்துவிடுவான். சண்டை அதோடு முடிந்துபோகும்.

ஒரே ஒரு முறை அந்த ‘ங்க’ விழுந்தது. டெங்கு என்றார்கள். கடைசி நாள். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். “நீ போய்ச் சாப்புடு. கை நடுங்குது பாரு” என்றாள். இத்தனை வருடம் தனக்குத் தராமல் எங்கேயோ மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தது மாதிரி இருந்தது. அவன் போய்ச் சாப்பிட்டான். திரும்பி வந்தபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒன்று இந்த வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குத் தினமும் கிடைத்தது.

“முழுங்கு.” “எந்திரி.” “எங்க போனே?” “முட்டையத் தின்னு.”

சுஃப்யான் கோட்டைமேட்டுக்காரன். கல்யாண வீடுகளில் பிரியாணி போடுகிறவன். வயது முப்பதுக்குள்தான். வாய் ஓயாது. காலை வெயிலுக்கு எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்காரும்போது காற்றிலேயே அண்டாவை ஏற்றி, காற்றிலேயே அரிசியைக் கொட்டி, தம் போடுவான். அரங்கசாமி எச்சில் விழுங்குவார்.

“பாய், கொஞ்சம் கறியச் சேத்திப் போடு.”

“தாசில்தார் சாருக்கு நல்லி எலும்பு தனியா எடுத்து வெச்சிருக்கறேங்க. பட்டா மாறுதலுக்குத் தொங்க விட்ட மாதிரி எங்களையத் தொங்க விடாதீங்க.”

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தால் இருமல் வரும். இருமினால் முத்தாத்தாள் வருவாள். நேராகச் சுஃப்யானிடம்தான் வருவாள். அவித்த முட்டையை நீட்டி, அவன் கடைசி வாய் தின்னும்வரை பக்கத்திலேயே நிற்பாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் தெரியும். அவன் ஏதாவது சொல்லும்போது அந்தக் கண் சுருங்கும். கவசத்துக்குள் சிரிக்கிறாள் என்று கிருபாசங்கர் முடிவு கட்டிக்கொண்டான்.

அவனுக்கு அவள் எதுவும் குறை வைக்கவில்லை. வாய்க்குமட்டல் என்றால் எலுமிச்சைத் துண்டு கொண்டுவந்தாள். கால் எரிகிறது என்றால் வைட்டமின் மாத்திரை கேட்டு வாங்கி வந்தாள். முதுகைத் தட்டிச் சளி எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். எல்லாமே ‘ங்க’வோடு. விருந்தாளிக்குத் தட்டு வைப்பது மாதிரி. அந்த இரண்டெழுத்து அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. சுஃப்யான் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் எடை பார்க்கப் போனபோது அதைப் பார்த்தான். முத்தாத்தாளின் மேசைக்கடியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. நீல வார், இடது குதிகால் தேய்ந்தது. சுஃப்யானுடையது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, சுஃப்யான் வார்டில் எப்போதும் வெறுங்காலோடுதான் நடந்தான்.

ஒரு பெண்ணின் மேசைக்கடியில் ஓர் ஆணின் செருப்பு. கிருபாசங்கர் எடை மிஷினில் ஏறி நின்றான். முள் எங்கே நின்றது என்று பார்க்கவில்லை.

“ஏறியிருக்குதுங்க,” என்றாள். “நெம்பச் சந்தோசமுங்க.”

அவன் தன் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் இல்லை. அவள் தாலியும் மெட்டியுமாக இருந்தாள். அவள் வீட்டுக்காரர் மாலையில் டி.வி.எஸ்ஸில் வந்து காத்திருப்பார். அந்த மனிதர் மேல் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் சுஃப்யான் மேல்தான். அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்கச் சில நாள் பிடித்தது. வைத்த பிறகு கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருந்தது. செத்துப்போன நரம்பில் முதலில் வந்த உயிர் அது. அதை விட மனமில்லை.

மறுநாள் காலை அவள் மாத்திரைகளைக் கையில் வைத்ததும் அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். தண்ணீரை மட்டும் குடித்தான். அவள் எதிரிலேயே குடித்தான். கை மூடியே இருந்தது.

பார்ப்பாள், கேட்பாள், வாயைத் திறக்கச் சொல்வாள் என்று இருந்தான்.

“போட்டுக்கிட்டீங்களா?”

“ம்.”

“செரிங்க.”

போய்விட்டாள். இரண்டு கட்டில் தள்ளி ஒரு ஆயா, “அந்தத் தம்பி போட்டாப்பிடியா?” என்று கேட்டது காதில் விழுந்தது. முத்தாத்தாள் சொன்னாள், “அவரு இன்ஜினியருங்க. அவருக்கு நாஞ் சொல்லோணுமா?”

மாத்திரைகள் உள்ளங்கையில் கசிந்து சாயம் ஒட்டியது. கழிப்பறைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

அதற்குப் பிறகு அது ஒரு கணக்காகிவிட்டது. அவள் சுஃப்யானிடம் நின்ற நேரம் நீண்டால் அன்று மாத்திரை தொட்டிக்குப் போகும். சீக்கிரம் வந்துவிட்டால் விழுங்குவான். அப்புறம் நேரம் பார்ப்பதையும் விட்டான். தினமும் தொட்டிக்கே போனது. என்றைக்காவது பிடிபட்டுவிடுவோம் என்று காத்திருந்தான். பிடிக்க யாரும் வரவில்லை. தினமும் அவனுக்குக் கிடைத்தது ‘செரிங்க’தான்.

மாசியில் எல்லோருக்கும் மறுபடி சளி எடுத்தார்கள்.

சுஃப்யானுக்கு நெகட்டிவ். அவன் கட்டிலில் ஏறி நின்று கும்பிடு போட்டான். அரங்கசாமி கை தட்டினார். முத்தாத்தாள் “கீழ எறங்கு” என்றாள்.

கிருபாசங்கருக்குப் பாசிட்டிவ்.

டாக்டர் நரசிம்மலு கட்டிலுக்கு வந்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னைவிட மோசம் போலத் தெரிகிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“மொதல்ல எடுத்த டெஸ்ட்ல மருந்துக்குக் கேக்கும்னுதானே வந்துச்சு. இப்ப கிருமி மாறிடுச்சோ என்னமோ. மறுபடி அனுப்புவோம். மாறியிருந்தா மருந்து வேற. நாளும் இழுக்கும்.”

முத்தாத்தாள் அவர் பின்னால் நின்றாள். “நேரந் தவறாமப் போட்டாருங்க டாக்டர். நாந்தான் கையில குடுத்தேன்” என்றாள். அவள் குரல் அவனுக்காக வாதாடியது. அவன் சன்னலைப் பார்த்தான்.

“கொழந்தையக் கூட்டியாரலாமா?” என்று கேட்டான்.

“இப்ப எப்படிங்க?” என்றார் டாக்டர்.

அன்று மத்தியானம் கழிப்பறையில் அவன் நின்றுகொண்டிருந்தபோது சுஃப்யான் பக்கத்தில் வந்து நின்றான். வழக்கமாக அங்கேயும் ஏதாவது பாடுவான். இன்று பாடவில்லை. பக்கத்துத் தொட்டியை எட்டிப் பார்த்தான்.

“என்ன பாக்கற?” என்றான் கிருபாசங்கர்.

“கலருங்க சார்.”

கிருபாசங்கர் வேட்டியைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தான். சுஃப்யான் பின்னாலேயே வந்தான். வராந்தாவில் வழியை மறித்தான்.

“இந்த வார்டுல எல்லாத்துக்கும் செந்தண்ணிதாங்க போகுது. தாசில்தாருக்குச் சும்மா ரோஸ்மில்க் மாதிரிப் போகுது. உங்குளுக்கு மட்டும் நல்ல தண்ணி. நாலஞ்சு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். இது எனக்குத் தெரிஞ்ச வேலைங்க. நானும் செஞ்சவன்.”

கிருபாசங்கர் ஒதுங்கிப் போகப் பார்த்தான். சுஃப்யான் விடவில்லை.

“ஏங்க சார்? வயித்தப் பெரட்டுதா?”

“உனக்கென்ன? உன்னையத்தான் தாங்கறாங்களே.”

அது வாயிலிருந்து வந்தே விட்டது. வந்த பிறகு அவனே திடுக்கிட்டான்.

சுஃப்யான் அவனை உற்றுப் பார்த்தான். “தாங்கறாங்களா? யாரு, முத்து சிஸ்டரா?”

“வா, போ, தின்னு. வேற யாருகிட்ட அப்படிப் பேசறாங்க? செருப்பு மொதக்கொண்டு அங்கதானே கெடக்குது.”

சுஃப்யான் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தான். அவன் சிரிக்கவில்லை. வராந்தாத் திண்டில் உட்கார்ந்தான். வெறும் பாதங்களைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“போன தடவ வந்தப்ப எனக்கும் ‘ங்க’தாங்க சார். ‘ஏனுங்க பாய், சாப்டீங்களா பாய்’னு. ரெண்டு மாசத்துல ஒடம்பு தேறுச்சு. சோறு எறங்குச்சு. இனி எதுக்கு மாத்திரைன்னு ஒரு நாள் செருப்ப மாட்டீட்டு நடையக் கட்டிட்டேன். சீசனு, கையில நாலு கல்யாணம். போன் பண்ணுனாங்க, எடுக்கல. ஊடு தேடி வந்தாங்க, பின்வாசல்ல ஓடிட்டேன்.”

நிறுத்தினான்.

“எந் தங்கச்சி ரூபினா. எங்கூடத்தான் ஒரே ரூம்ல படுப்பா. எனக்குத் திரும்பி வந்துச்சு. அவளுக்கும் ஒட்டிக்கிச்சு. சொல்லாமயே வெச்சிருந்துட்டா. அந்தக் கோடியில பொம்பளைங்க வார்டு இருக்குதில்ல, அங்கதான் கெடந்தா. சிஸ்டர்தாங்க பாத்தாங்க. கடைசீல அவிங்க மடியிலதான் உசுரு போச்சு. நான் வாசல்ல நின்னேன். வெளிய வந்து என்னையப் பாத்தாங்க. ‘மாத்திரை போடறியா?’ன்னாங்க. அன்னைக்குப் போச்சுங்க சார் எனக்கு அந்த ‘ங்க’.”

கிருபாசங்கர் அவனுடைய வெறுங்காலைப் பார்த்தான்.

“செருப்ப வாங்கி வெச்சுக்கறது நான் மறுபடி ஓடாம இருக்கறதுக்கு. வாயப் பாக்கறது என் சொல்ல நம்பாம. நானும் என்னென்னமோ சொல்லிச் சிரிக்க வெச்சுப் பாக்கறேன். ஒரு நாள் சிரிச்சதில்ல.”

“கண்ணு சுருங்குமே.”

“அது சிரிப்புன்னா நெனச்சீங்க?” சுஃப்யான் தலையை ஆட்டினான். “தெனமும் அடுத்த கட்டிலுக்குப் போயி உங்ககிட்ட ‘ஏனுங்க’ன்னு சொல்லுவாங்க பாருங்க. எனக்கு வயிறு எரியுமுங்க சார். இந்தாளு என்ன புண்ணியம் செஞ்சுபோட்டு வந்தான்னு. நீங்க என்னடான்னா அதத் தூக்கித் தொட்டீல போட்டிருக்கறீங்க.”

எழுந்தான். நாலடி போய்த் திரும்பினான்.

“நாஞ் சொல்ல மாட்டேனுங்க. நீங்களே சொல்லீருங்க. சளிய அனுப்பி, அவுங்க வேற மருந்துக்கு மாத்தீட்டாங்கன்னா அப்பறம் சிக்கலு. ஊட்ல கொழந்த இருக்குதில்லீங்களா.”

முத்தாத்தாள் மேசையில் உட்கார்ந்து அவனுடைய சளிக் குப்பிக்கு ஒட்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவன் முன்னால் போய் நின்றான். மேசைக்கடியில் நீலவார்ச் செருப்பு அப்படியே கிடந்தது.

“வாங்க. ஏதாச்சும் வேணுங்களா?”

“நான் மாத்திரை போடல.”

“காத்தாலதானுங்க குடுத்தேன்?”

“காலைலயும் போடல. பொங்கல் கழிஞ்சதுல இருந்தே போடல. தொட்டீல போட்டுட்டேன்.”

பேனா நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்தாள். பார்க்காமல் விட்ட இடம் அதுதானே.

“உங்குளுக்குப் பாக்க வேண்டீதில்லைன்னு நெனச்சுப்போட்டனுங்க,” என்றாள் மெதுவாக. “எந் தப்புங்க.”

குப்பியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“ஒத்துக்கலீங்களா? வாந்தி வந்துச்சுங்களா? எங்கிட்டச் சொல்லீருக்கலாமில்லீங்க. ஏனுங்க?”

ஏன் என்பதற்கு அவனிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல வாய் இல்லை. நித்யஸ்ரீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘நீ போய்ச் சாப்புடு’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த கட்டிலைப் பார்த்து வயிறெரிந்ததைச் சொல்ல வேண்டும்.

“சும்மா,” என்றான்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“சும்மாவா,” என்றாள்.

அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. அவன் காத்திருந்தான். சொல் அப்படியே, வால் இல்லாமல் நின்றது. கவசத்துக்கு மேல் அவள் கண் சுருங்கியது. அவள் எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் கொடுமுடிக்குப் போன் செய்தான். பாசிட்டிவ் என்று மைத்துனியிடம் சொன்னான். “செரிங்க மாமா” என்றாள். குழந்தையிடம் கொடுத்தாள்.

“எப்ப வாரீங்க?”

“இன்னுங் கொஞ்ச நாளாகும் கண்ணு.”

“பைய மாட்டீட்டேன்.”

“கழட்டி வெச்சுரு. அப்பா சொல்றப்ப மாட்டிக்கலாம்.”

மறுநாள் காலை சுஃப்யான் கிளம்பினான். அவனுடைய மச்சான் ஷேக் பரீத் ஆட்டோ கொண்டுவந்திருந்தார். இனி வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அரங்கசாமி, மகன் கல்யாணத்துக்கு நீதான் பிரியாணி என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

முத்தாத்தாள் மேசைக்கடியிலிருந்து செருப்பை எடுத்து வந்து வாசல்படியில் ஜோடியாக வைத்தாள்.

சுஃப்யான் ஒரு காலை நுழைத்தான்.

“மாத்திரைய உட்றாதீங்க, பாய்,” என்றாள் அவள். “பாத்துப் போங்க.”

சுஃப்யான் மறு காலைத் தூக்கியவன் அப்படியே நின்றான். ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, ரொம்ப நேரம் எடுத்து, மற்றதை மாட்டினான்.

“வாரேனுங்க சிஸ்டர்,” என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

கிருபாசங்கர் கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்த்தான். அந்த ‘ங்க’ நேற்றுவரை அவனுடையது. அதை எடுத்துக்கொண்டு ஒருவன் படியிறங்கிப் போகிறான். அடிவயிற்றில் பழைய இடத்திலேயே எரிந்தது. எதற்கு எரிகிறது என்பது மட்டும் மாறியிருந்தது.

முத்தாத்தாள் தட்டோடு வந்தாள். சுஃப்யான் கட்டில் காலியாக இருந்ததால் நேராக இவனிடம்தான் வந்தாள்.

“செருப்பக் கழட்டு.”

கழற்றினான். அவள் அதைக் காலால் தள்ளி ஒதுக்கினாள், போகும்போது எடுத்துப் போக.

மாத்திரைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். அவன் விரல்கள் ஐந்தும் விரிந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். டார்ச்சை எடுத்தாள்.

“வாயத் தொற.”

இதற்காகத்தான் அவ்வளவும். அவள் முகம் வெகு கிட்டத்தில் வந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தது. வெளியே ஆட்டோ கிளம்பி, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறும் சத்தம் கேட்டது.

“நாக்கத் தூக்கு.”

தூக்கினான்.